கேளுங்க, சொல்றேன்: நம்ம ஊரு தமிழ் ரேடியோவுக்கு என்ன வயசு?

போன இதழ்ல எங்க பழைய குவீன்ஸ்டவுன் வீட்டப் பத்தி எழுதும்போது, காலையில அப்பா ஷேவ் பண்ணிக்கிட்டே ரேடியோ கேப்பாருன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தன கேள்வி வந்திருக்கு! அதனால சமையல் கேள்வி, பிள்ளைங்க படிப்பு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டேன், இந்த தடவ முழுக்க ரேடியோதான்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் தமிழ் வானொலிக்கு வயசு என்னன்னு எங்க வீட்டுல ஒரே சண்ட. தாத்தா 1936ங்கிறாரு, பெரியப்பா 1959ங்கிறாரு, அப்பா 1980ங்கிறாரு. யாரு சொல்றது சரி? (ஈசூன் தம்பி ஒருத்தர்)

பதில்: மூணு பேரும் சரிதான் தம்பி, சண்டைய நிறுத்தச் சொல்லுங்க. நம்ம ரேடியோ பல தடவ பேர மாத்தியிருக்கு, முதலாளிய மாத்தியிருக்கு, வீட்டையும் மாத்தியிருக்கு. அவங்கவங்க காதுல முதல்ல விழுந்த பேரத்தான் ஆளாளுக்கு அதோட பிறந்த வருஷமா வச்சிருக்காங்க.

தாத்தா சொல்றதுதான் மூத்த கணக்கு. அதுக்கு முன்னாடி 1924லயே இங்க வயர்லெஸ் மேல ஆச வச்ச சிலபேரு ஒரு சங்கம் வச்சு நடத்திப் பாத்தாங்க, ஆனா அது பொழுதுபோக்குக்கு பண்ணது. முறையான நிலையம்னா பிரிட்டிஷ் மலாயா ப்ராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்தான், அது ஒரு தனியார் கம்பெனி, 1936ல ஒலிபரப்ப ஆரம்பிச்சாங்க, 1937 மார்ச்சுல தாம்சன் ரோட்டு பக்கம் கால்டிகாட் குன்றுல ஸ்டூடியோ கட்டி கவர்னர் ஷென்டன் தாமஸ் வந்து திறந்து வச்சாரு. முக்கால்வாசி நேரம் இங்கிலீஷு, மத்த மொழிங்களுக்கு ஓரமா கொஞ்சம் இடம், அந்த ஓரத்துல நம்ம தமிழும் உக்காந்திருந்துச்சு. கோ. சாரங்கபாணி தமிழ் முரசு ஆரம்பிச்சது 1935 ஜூலையில. அப்போ இந்த ஊருல தமிழ் பேப்பருக்கும் ரேடியோவுக்கும் ஏறக்குறைய ஒரு வயசுதான் வித்தியாசம், ஒரே வீட்டுல அடுத்தடுத்து பிறந்த அக்கா தம்பி மாதிரி. எனக்கு இத நெனச்சாலே சந்தோஷமா இருக்கும்.

1940ல அரசாங்கமே கம்பெனிய வாங்கிடுச்சு, அப்புறம் ஜப்பான்காரன் காலம், அதுக்கு கீழ தனியா ஒரு கேள்வி வந்திருக்கு, அங்க சொல்றேன். சண்ட முடிஞ்சு 1946 ஏப்ரல்ல ரேடியோ மலாயான்னு புதுசா ஆரம்பிச்சாங்க, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சேத்து ஒரே இலாகா. நம்ம தமிழ் ரேடியோ நிஜமா வளந்தது இந்தக் காலத்துலதான்னு நான் சொல்லுவேன். ஏன்னா 1948ல கம்யூனிஸ்ட் கலகத்தால மலாயாவுல அவசரகாலம் வந்ததும் ரப்பர் தோட்டத்து ஜனங்க காதுக்கு எப்படியாவது போய்ச் சேரணும்னு அரசாங்கத்துக்கு அவசியம் வந்துடுச்சு. தோட்டத்துலயும், அரசாங்கம் ஜனங்கள குடியேத்தின புதுக் கிராமத்துலயும் பொது ரேடியோப் பொட்டி வச்சாங்க, லயத்து ஆளுங்க சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து சுத்தி உக்காந்து கேப்பாங்க. அரசாங்கம் பிரசாரத்துக்குத்தான் வச்சது, அத மறைக்க வேண்டியதில்ல, ஆனா ஜனங்க பாட்டு கேக்கத்தான் வந்தாங்க, பாட்டுக்காக வந்தவங்க செய்தியும் கேட்டாங்க, நாடகமும் கேட்டாங்க, அப்படியே பழக்கமாயிடுச்சு.

1957ல மலாயாவுக்கு சுதந்திரம் கிடைச்சுது, ரெண்டு ஊருக்கும் ஒரே ரேடியோங்கிறது அதுக்கு மேல சரிப்பட்டு வரல. 1959 ஜனவரியில சிங்கப்பூர் பக்கம் தனியா பிரிஞ்சு ரேடியோ சிங்கப்பூரான்னு ஆச்சு. உங்க பெரியப்பா சொல்ற வருஷம் இதுதான். 1963 பிப்ரவரியில டிவி வந்துச்சு. 1965 ஆகஸ்ட் 9, காலையில 10 மணிக்கு ரேடியோவுல பாட்ட நிறுத்திட்டு சிங்கப்பூர் தனி நாடாயிடுச்சுன்னு பிரகடனம் படிச்சாங்க. எங்கப்பா அப்போ துறைமுகத்துல வேலையில இருந்தாரு, யாரோ ஒருத்தர் ஓடி வந்து சொன்னாங்க, ஒருத்தரும் நம்பலன்னு சொல்லுவாரு. 1980 பிப்ரவரியில சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் வந்துச்சு, அது உங்க அப்பா கணக்கு. 1994ல அதையும் கம்பெனிகளா பிரிச்சாங்க, பின்னாடி மீடியாகார்ப். இப்போ நாம கேக்குறது ஒலி 96.8.

கால்டிகாட்டுல 2011ல எம்ஆர்டி ஸ்டேஷன் திறந்தாங்க. அதுக்கப்புறம் நாலு வருஷத்துல, 2015 கடைசியில ஒன் நார்த்துல மீடியாகார்ப்புக்கு புது வளாகம் திறந்தாச்சு, ஸ்டூடியோ ஆளுங்க ஒவ்வொருத்தரா அங்க போயிட்டாங்க. இப்போ அந்த ஸ்டேஷன்ல இறங்குற சின்னப் பிள்ளைங்களுக்கு அது வெறும் இடத்துப் பேரு. எங்க வயசு ஆளுங்களுக்கு கால்டிகாட்னாலே ரேடியோதான்.

கேள்வி: நேதாஜி சிங்கப்பூர் ரேடியோவுல பேசினாருன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. நிஜமா? எந்தக் கட்டடம்? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: நிஜம்மா. இந்தக் கேள்விய நீங்க கேட்டதுக்கே உங்க பாட்டிக்கு ஒரு கும்பிடு.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, அடுத்த மாசமே ஜப்பான்காரங்க ரேடியோவ திரும்ப ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. டோபி காட்டுல நிக்குது பாருங்க கேத்தே கட்டடம், அங்கதான் அவங்க பிரசாரப் பிரிவும் ஒலிபரப்பும். இப்போ நாம பாக்குறது பிற்பாடு கட்டினது, பழைய முகப்ப மட்டும் விட்டு வச்சிருக்காங்க. நேதாஜி 1943 ஜூலையில இங்க வந்து இறங்கினாரு, பாடாங் திடல்ல இந்திய தேசிய ராணுவத்தோட மரியாதைய ஏத்துக்கிட்டாரு, அக்டோபர் 21ம் தேதி அதே கேத்தே கட்டடத்துல வச்சுத்தான் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்த அறிவிச்சாரு. ரெண்டு மூணு நாள்லயே பிரிட்டன் மேலயும் அமெரிக்கா மேலயும் போர் பிரகடனம். அந்த அரசாங்கத்துல பிரசார மந்திரி எஸ். ஏ. ஐயர். ஆசாத் ஹிந்த் ரேடியோ இங்கேர்ந்து பல இந்திய மொழியில போச்சு, தமிழும் அதுல ஒண்ணு. பின்னாடி அவங்க தலைமையிடம் ரங்கூனுக்கு போயிடுச்சு.

உங்க பாட்டி காலத்துல இன்னொரு பக்கமும் இருந்துச்சு. ஜப்பான்காரங்க எல்லார் வீட்டு ரேடியோவையும் பதிவு பண்ணச் சொல்லி, வெளிநாடு கேக்க முடியாம சிற்றலைய துண்டிச்சு விட்டாங்க. திருட்டுத்தனமா டெல்லியோ லண்டனோ கேட்டு மாட்டிக்கிட்டா ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பெத்தாய் கூட்டிட்டுப் போயிடும், திரும்பி வர்றது நிச்சயமில்ல. 1943 அக்டோபர் 10 சாங்கி சிறையில சோதன போட்டப்போ அவங்க தேடினதுல ரேடியோவும் ஒண்ணு. ஒரே நேரத்துல இந்த ஊருல ஒரு வீட்டுல நேதாஜி குரலுக்காக சத்தத்த ஏத்தி வச்சிருப்பாங்க, பக்கத்து வீட்டுல போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு பிபிசி கேட்டிருப்பாங்க. பாட்டி இன்னும் இருந்தாங்கன்னா எந்த மொழியில கேட்டாங்க, யார் வீட்டுல கேட்டாங்கன்னு கேட்டு எழுதி வையுங்க. நான் எங்க பாட்டிகிட்ட கேக்காம விட்டுட்டேன், இன்னிக்கும் அது மனசுல குத்துது.

கேள்வி: ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டினோம்னு சொன்னா என் மகன் சிரிக்கிறான். (பிடோக் அண்ணன்)

பதில்: அவன் பிறந்த வருஷம் என்னன்னு பாருங்கண்ணே, ஒருவேள அப்பக்கூட கட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க. வீட்டு டிவிக்கு வருஷத்துக்கு 110 வெள்ளி, கார் ரேடியோவுக்கு 27 வெள்ளி, 2011 ஜனவரியிலேர்ந்துதான் அத எடுத்தாங்க.

கேள்வி: எங்க பாட்டி வீட்டு சுவத்துல கம்பி வழியா ஒரு ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும்னு அம்மா சொல்றாங்க. அது என்ன? (அங் மோ கியோ வாசகி)

பதில்: ரெடிஃப்யூஷன்மா. 1949ல வந்தது, காத்துல வராது, கரண்டு கம்பி மாதிரி வீட்டுக்கு இழுத்து பொட்டிய மாட்டி விட்டுடுவாங்க, மாசா மாசம் காசு கட்டணும். சீனக் கோப்பிக்கடையில எல்லாம் அதுதான். கண்டனீஸ்ல லீ டை சோ கத சொல்வாரு, சொல்லு புரியலன்னாலும் குரல் ஏறி எறங்குறத கேட்டு நாங்களும் நிப்போம். 1979ல மாண்டரின் பேசுங்கன்னு இயக்கம் வந்ததுக்கப்புறம் கண்டனீஸ், ஹொக்கியன் மாதிரி சீன பாஷைகள ரேடியோவுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டாங்க, ஹொக்கியன் பாட்டி தன் பேரனோட பேச முடியாமப் போனத எங்க ப்ளாக்குலயே பாத்திருக்கேன். ரெடிஃப்யூஷன் 2012ல மூடிட்டாங்க.

கேள்வி: ஒலில ராத்திரி பாட்டு கேக்குறப்போ ஜோகூர் பாருவுல கூட கிளியரா இருக்கு, ஆனா ஈப்போ போனா இல்ல. அப்பாவோட பழைய ட்ரான்சிஸ்டர்ல எங்கெங்கயோ எடுக்குமாமே? (தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வர்றவர்)

பதில்: அப்பா சொல்றது சரி. பழைய பொட்டி மத்திய அலை, சிற்றலை. இருட்டினதும் அந்த அலைங்க மேல வானத்துல பட்டு திரும்பி ரொம்ப தூரம் போய் விழும், அதனாலதான் ராத்திரியில பக்கத்து நாட்டு நிலையமெல்லாம் வந்து கலந்து கிடக்கும். 96.8 மெகாஹெர்ட்ஸ் பண்பலை, நேர்க்கோட்டுல போற அலை, புக்கிட் பாத்தோக் குன்று மேல இருக்கிற கோபுரத்துலேர்ந்து கண்ணுக்கு எட்டுற மாதிரி இருக்கிற தூரந்தான் நல்லா எடுக்கும். ஜோகூர் பாரு அதுக்குள்ள வந்துடுது. பதிலுக்கு அவங்க மலேசியத் தமிழ் நிலையங்கள் மின்னலும் ராகாவும் நம்ம உட்லண்ட்ஸ் வீடுகள்ல கேக்குது. நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

கேள்வி: அந்தக் காலத்து ரேடியோ நாடகத்துல என்ன அப்படி இருந்துச்சு, அம்மா அதப் பத்தியே பேசுறாங்க. (ஹவ்காங் வாசகி)

பதில்: அம்மாவ உக்கார வச்சு கேளுங்க, நானும் என் பங்குக்கு சொல்றேன்.

நான் பிறந்தது 60கள்ல. கம்பத்துலேர்ந்து, அதாவது பழைய கிராமக் குடியிருப்புலேர்ந்து, ஜனங்க வீவகன்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம். மண்ணுல கோழி வளத்தவங்க பத்தாவது மாடியில லிஃப்டுக்கு நிக்கிறாங்க, இடது பக்கம் மலாய்க்காரர், வலது பக்கம் சீனர், மாடியில தண்ணி ஊத்தினா கீழ் வீட்டுல சண்ட. அப்போ புதுமைதாசன்ங்கிற பி. கிருஷ்ணன் எழுதின ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ ரேடியோவுல வருது, 1969லேர்ந்து 70 வரைக்கும், 52 வாரம். பேரப் பாருங்க, அடுக்கு வீடு! ரேடியோவத் திறந்தா தமிழ்நாட்டு கிராமமும் ராஜா ராணியும் வரும்னு இருந்தவங்க காதுல அவங்க ப்ளாக்கே வந்து பேசுது. நான் அப்போ கைக்குழந்த, நேரடியா கேட்ட ஞாபகம் கிடையாது, ஆனா எங்க மாடியில ஒரு மாமாவுக்கு அண்ணாசாமின்னே பட்டப்பேரு, அவரு நிஜப்பேரு எனக்கு கடைசி வரைக்கும் தெரியாது. கிருஷ்ணன் ஐயா ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழ்ல வானொலிக்கு கொண்டு வந்தவரு, 2008ல அவருக்கு கலாசாரப் பதக்கம் கொடுத்தாங்க. என்னக் கேட்டா அதுக்கு ரொம்ப முன்னாடியே கொடுத்திருக்கணும்.

ரேடியோ நாடகம்ங்கிறது எவ்வளவு நுணுக்கமான வேலன்னு இப்போ உள்ளவங்களுக்கு தெரியணும். மைக்க சுத்தி நாலஞ்சு பேரு கையில தாளோட நிப்பாங்க, தாள் திருப்புற சத்தம் கேட்டா கத போச்சு. தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கணும்னா பேசிக்கிட்டே மைக்குகிட்ட நடந்து வரணும். மழைக்கு ஒரு சத்தம், கதவுக்கு ஒரு சத்தம், குதிரைக்கு தேங்கா சிரட்ட. கண்ணால பாக்குறது ஒண்ணுமில்லாததால வசனம் சுத்தமா இருக்கணும், யார் யார்கிட்ட பேசுறாங்கன்னு மொத வரியிலயே தெரியணும். அந்த ஒழுங்குதான் நம்ம ஊரு எழுத்தாளர்கள் பல பேருக்கு பள்ளிக்கூடம். இங்க தமிழ்ல புத்தகம் போட்டா எத்தன பேரு வாங்குவாங்க, ஆனா ரேடியோவுக்கு எழுதினா அன்னிக்கு ராத்திரியே ஊரே கேட்டுடும், சன்மானமும் உண்டு.

கேள்வி: இப்போ அறிவிப்பாளர்ங்க பாதி இங்கிலீஷ் பேசுறாங்க, தமிழ் ரேடியோன்னு எதுக்கு ஒண்ணு? போன்லயே எல்லா பாட்டும் இருக்கே. (பெயர் போட வேண்டாம்னு சொன்ன வாசகர்)

பதில்: கோவம் புரியுது. ஆனா நான் உங்களோட பாதிதான் ஒத்துப் போறேன்.

பேச்சு நிகழ்ச்சியில நாலு இங்கிலீஷ் சொல்லு விழுறத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், நாம தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, பேசுறதும் அப்படித்தான், இந்தப் பக்கத்துல நான் எழுதுறதும் அப்படித்தான். கத்துக்க வேண்டிய சின்னப் பிள்ளைங்க பயந்து ஓடிடக் கூடாது. செய்தி மட்டும் வேற. செய்தியில ஒரு சொல்லு கூட தளரக் கூடாதுன்னு நான் கறாரா சொல்லுவேன்.

எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்தவங்க. ஆனா ‘மத்திய சேமநிதி’ன்னு சுத்தமா சொல்லுவாங்க. ‘வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்’னு மூச்சு விடாம சொல்லுவாங்க. பேப்பர் படிக்காதவங்களுக்கு அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு? ரேடியோ செய்தியிலேர்ந்துதான். சேமநிதி 1955ல வந்துச்சு, கழகம் 1960ல, பெருவிரைவு ரயில் 1987 நவம்பர்ல ஓட ஆரம்பிச்சுது, மின்னியல் சாலைக் கட்டணம் 1998ல. ஒவ்வொண்ணு வரும்போதும் செய்தி அறையில உள்ளவங்க அன்னிக்கே, அடுத்த செய்திக்குள்ள, அதுக்கு ஒரு தமிழ் சொல்லோட தயாரா இருக்கணும், சென்னையில கேட்டா அவங்களுக்கு சேமநிதியும் தெரியாது சாலைக் கட்டணமும் தெரியாது. இந்த ஊரு வாழ்க்கைக்கு இந்த ஊருலயே செஞ்ச தமிழ் அது. தினமும் பல தடவ அதே சொல்ல அதே உச்சரிப்புல கேட்டு கேட்டுத்தான் எங்க பாட்டி வாய்க்கு வந்துச்சு. போன்ல இருக்கிற பாட்டு லிஸ்டு இந்த வேலைய செய்யாது.

1982ல உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளிய மூடினதுக்கப்புறம் தமிழ்லயே எல்லா பாடமும் படிக்கிற பள்ளிக்கூடம்னு இங்க ஒண்ணும் மிச்சமில்ல. 2010 மக்கள்தொகைக் கணக்குல வீட்டுல அதிகம் தமிழ் பேசுறவங்க 3.3 விழுக்காடு, 2020ல 2.5 விழுக்காடு. இப்படி இருக்கும்போது விலைவாசியும் வானிலையும் விபத்தும் தேர்தலும் தமிழ்ல காதுல விழுற இடம் எத்தன இருக்கு சொல்லுங்க. காலையில கார்ல பிள்ளைய ஸ்கூலுக்கு கொண்டு போய் விடுற அந்த இருபது நிமிஷம் பல வீட்டுல பிள்ளைங்க கேக்குற ஒரே பெரியவங்க தமிழ் ரேடியோ தமிழ்தான். அதனால கோவப்பட்டு அணைச்சிடாதீங்க. தப்பா ஒரு சொல்லு கேட்டா நிலையத்துக்கே எழுதுங்க, மரியாதையா, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்க.

கேள்வி: அப்பா தவறிட்டாரு. 70, 80கள்ல அவரு ரேடியோவுலேர்ந்து பதிவு பண்ண கேசட்டு ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கு. தூக்கிப் போட மனசில்ல. என்ன பண்ணலாம் அக்கா? (தோ பாயோ வாசகி)

பதில்: தூக்கிப் போடாதீங்கம்மா, தயவுசெஞ்சு. பல ஊருல நிலையங்களே நாடாவ அழிச்சு அழிச்சு திரும்ப உபயோகிச்ச காலம் அது, நேரலைல பேசினது பாதி பதிவே ஆகியிருக்காது. உங்க அப்பா டின்னுல இருக்கிறது வேற எங்கயும் இல்லாம கூட இருக்கலாம்.

மொதல்ல ஒண்ணையும் ப்ளேயர்ல போடாதீங்க. நம்ம ஊரு ஈரக்காத்துக்கு நாடாவுல பூஞ்ச பிடிச்சிருக்கும், கேசட்டு மேல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையா தூள் மாதிரி தெரிஞ்சா அத தனியா பையில போட்டு வையுங்க, அத ஓட்டினா ப்ளேயரும் கெடும் அடுத்த கேசட்டும் கெடும். நல்லா இருக்கிறதுல மேல் விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் மடிப்பு இருக்கும், அத உடைச்சு விட்டுடுங்க, அப்புறம் தவறிக்கூட மேல பதிவாகாது. நாடாவுக்குப் பின்னாடி ஒரு சின்ன பஞ்சுத்துண்டு இருக்கும், அது உதிர்ந்திருந்தா சத்தம் மங்கி வரும், வேற கூட்டுக்கு நாடாவ மாத்தணும், கை பழகினவங்ககிட்ட கொடுங்க. 120 நிமிஷம்னு போட்டிருக்கிறது ரொம்ப மெல்லிசு, வேகமா முன்ன பின்ன ஓட்டாதீங்க, இழுத்துக்கும். ப்ளேயரோட ஹெட்ட ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடச்சிட்டு, ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல சுருக்காத கோப்பா ஏத்துங்க, எம்பி3 அப்புறம் பண்ணிக்கலாம்.

விளம்பரம், மணிச் சத்தம், அறிவிப்பாளர் பேச்சு எதையும் வெட்டாதீங்க. பாட்டு எங்க வேணா கிடைக்கும், நடுவுல பேசினதுதான் கிடைக்காது. ஏத்தினதுக்கு அப்புறம் தேசிய நூலக வாரியத்துல கேட்டுப் பாருங்க, தேசிய ஆவணக் காப்பகமும் இப்போ அவங்க கீழதான், அங்க 1979லேர்ந்து வாய்மொழி வரலாறு பதிவு பண்றாங்க, பழைய ஒலிபரப்பாளர்ங்க பேசினதும் இருக்கு. 2015ல நம்ம தமிழ் இலக்கியத்த மின்னூலா திரட்டினப்போ வீடு வீடா அலமாரியிலேர்ந்துதான் பல புத்தகம் வந்துச்சு.

டின்னு மேல, கேசட்டு அட்டையில அப்பா கையெழுத்து இருக்கும், அத தொடச்சிடாதீங்க, போன்ல படம் எடுத்து வையுங்க. எங்க அப்பா கேசட்டு ஒண்ணுல பேரே எழுதல, தேதி மட்டும் இருந்துச்சு, போட்டுப் பாத்தா ஒரு நேயர் விருப்பம் பாதியில ஓடுது, நடுவுல அடுப்படியிலேர்ந்து அம்மா “ரேடியோவ கொறைங்க, புள்ள தூங்குது”ங்கிறாங்க. அந்தப் புள்ள நான்.